நுசி குளிகெ

மர்பி டவுனில் நாகேஷின் கன்னடத்துக்குத் தனி மரியாதை உண்டு. குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில்தான் இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆட்டோ ஸ்டாண்டில் கன்னடம், சிவாஜி நகரில் பேரம் பேச உருது என்று அவன் வாய்க்கு எதுவும் தடையில்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் இரண்டு சிக்னல் தாண்டுவதற்குள் நீங்கள் மண்டியா பக்கமா என்று விசாரிப்பார்கள். அவன் ஆமாம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். அக்கம்பக்கத்தில் யாருக்காவது ரேஷன் கார்டில் பேர் தப்பாக விழுந்தாலோ, தண்ணீர் வாரியத்தோடு தகராறு என்றாலோ, நாகேஷைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அவன் பேசியே காரியத்தை முடித்துவிடுவான்.

பேசியே முடிப்பான் என்று சொன்னதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கன்னடத்தில் ஓர் எழுத்துகூட அவனுக்குப் படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவன். கன்னட வகுப்பு நடக்கும்போதெல்லாம் மைதானத்தில் இருந்தவன். பஸ்ஸை நம்பரை வைத்துக் கண்டுபிடிப்பான், கடையைப் படத்தை வைத்து. ஆபீசில் யாராவது காகிதத்தை நீட்டிவிட்டால் "கண்ணாடி கொண்டு வரலை சார்" என்பான். முப்பத்தெட்டு வயதுவரை கண்ணாடியே வாங்காத மனுஷன் தினமும் கண்ணாடியை மறந்துவிட்டு வரும் கதை அவன் மனைவி சுனிதாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் வெளியே சொன்னதில்லை.

தங்கை மகாவை அத்திபெலேயில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. நாகேஷ் தாய்மாமன் ஆனான். அன்றைக்கு அவனைப் பிடிக்க முடியவில்லை. குழந்தையின் மூக்கு தன் மூக்கு, காது தன் காது என்று வார்டில் இருந்த எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தையின் அப்பா ரவி ஓரமாக நின்று, தனக்கும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்தாள். ஜெயலட்சுமி என்று பேர். குழந்தையின் குதிகாலைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்துக் குத்தி, தடித்த அட்டை ஒன்றில் அச்சடித்திருந்த வட்டங்களில் ஒவ்வொரு சொட்டாக ரத்தம் வைத்தாள். குழந்தையைவிட மகாதான் அதிகமாக அழுதாள். பார்க்க நன்றாக இருக்கிற குழந்தைக்கு எதற்கு ஊசி என்று நாகேஷ் எகிறினான். பிறவியிலேயே வரும் சில நோய்கள் பார்த்தால் தெரியாது என்றும், தெரியும்போது நேரம் கடந்திருக்கும் என்றும், அதனால்தான் அரசாங்கமே செலவை ஏற்று எல்லாக் குழந்தைக்கும் இதைச் செய்கிறது என்றும் அவள் பொறுமையாகச் சொன்னாள். இனாமாகக் கிடைக்கிறது என்றதும் நாகேஷுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. ரோட்டுக் குழியை மூடத் துப்பில்லாத அரசாங்கத்துக்குக் குழந்தையின் காலில் என்ன வேலை என்று கேட்டான். அவள் போன் நம்பர் கேட்டாள். ரவி தொழிற்சாலைக்குள் போனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "என்னுதை எழுதிக்கோங்க மேடம். கன்னடத்துலயே பேசலாம்" என்று நாகேஷ் தன் நம்பரைக் கொடுத்தான்.

பத்தாம் நாள் சாயங்காலம் அல்சூர் சிக்னலில் சவாரியோடு நிற்கும்போது போன் வந்தது. ஜெயலட்சுமிதான். குழந்தையின் ரத்தத்தில் ஜி-சிக்ஸ்-பி-டி என்று ஒரு சத்துக் குறைவு என்றாள். பயப்பட வேண்டாம், சில பொருள்களை மட்டும் கிட்டே சேர்க்காமல் இருந்தால் குழந்தை எல்லாரையும் போல வளரும். இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் உடைந்து காமாலை ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து என்றாள். பிறகு பட்டியலை ஆரம்பித்தாள். முதலில் நாலைந்து மருந்துகளின் பேர். அதற்குள் பச்சை விழுந்து பின்னாலிருந்து ஹாரன் கிழித்தது. கடைசியாக அவள் அழுத்திச் சொன்னது மட்டும் அவன் காதில் விழுந்தது. நுசி குளிகெ, நுசி குளிகெ மட்டும் கூடவே கூடாது.

குளிகெ என்றால் மாத்திரை. அது அவனுக்குத் தெரியும். நுசி என்பது இதுவரை கேட்டிராத வார்த்தை. தெரியாது என்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கன்னடத்தில் தெரியாத வார்த்தை ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை. பச்சைக் குழந்தைக்கு மாத்திரையை நசுக்கிப் பாலில் கலந்துதானே கொடுப்பார்கள்? நசுக்கு, நுசி. கணக்குச் சரியாகிவிட்டது. மருந்துகளின் பேர்களுக்குப் பிறகு வந்ததால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

அவள் விடவில்லை. யாரிடம் சொன்னாலும், கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது அவள் வழக்கம்.

"ஆய்த்து மேடம். குளிகெ கொடல்ல. ஒந்தூ கொடல்ல" என்று கன்னடத்தில் சத்தியம் செய்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். கொடல்ல என்றால் கொடுக்கமாட்டேன், ஒந்தூ என்றால் ஒன்றுகூட.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் ஒரு தாளும் வந்தது. முழுக்கக் கன்னட எழுத்து. வீட்டுக்குப் போனதும் மகா அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். எல்லாம் படித்துவிட்டதாகவும், மாத்திரையை நசுக்கிக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருப்பதாகவும் சொன்னான். சுனிதா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றிரவே அம்மா தனக்கோடியின் பி.பி. மாத்திரையைக்கூட வீட்டில் வைக்கவிடாமல், பக்கத்து வீட்டு சோனியாவிடம் கொடுத்துவிட்டு வேளாவேளைக்கு அங்கே போய் விழுங்கிவிட்டு வரச் சொன்னான். மருமகன் விஷயத்தில் அவன் எதையும் சின்னதாகச் செய்ததில்லை.

மறுநாள் பதினோராம் நாள். வீட்டைக் கழுவிவிட்டு, குழந்தையை முதல்முதலாகத் தூளியில் போடுகிற நாள். பேர் வைப்பது முப்பதாம் நாள்தான். அவர்கள் வீட்டில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. புழங்கின பழந்துணிதான் ராசி. அதற்காகவே தனக்கோடி ஒரு ட்ரங்குப் பெட்டி வைத்திருந்தாள். நாகேஷும் மகாவும் படுத்த தூளிச் சேலை, கிழித்து மடித்த வேட்டித் துண்டுகள், இரண்டு தொப்பி எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. போன மழைக்காலத்தில் பெட்டிக்குள் பூச்சி ஓடுவதைப் பார்த்துவிட்டு, சிவாஜி நகரிலிருந்து ஒரு பாக்கெட் நிறைய வெள்ளைப் பூச்சி உருண்டை வாங்கிவந்து கொட்டியது நாகேஷ்தான். கோலி குண்டு அளவில் இருந்தவை இப்போது பட்டாணி அளவுக்குக் கரைந்திருந்தன. சேலையை உதறினான். உருண்டைகள் சிதறி ஓடின. கொக்கியில் தூளியைக் கட்டி, வேட்டித் துண்டில் குழந்தையைச் சுற்றி, தன் கையாலேயே படுக்க வைத்தான்.

குழந்தை நன்றாகத் தூங்கியது. அன்று முழுக்கத் தூங்கியது. மறுநாளும் பாலுக்கு எழுப்பினால் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டது. அதுவரை இரவெல்லாம் அழுது ஊரைக் கூட்டிய பிள்ளை. "மாமன் கட்டின தூளி. அதுக்குத் தெரியுது பாரு" என்று நாகேஷ் தெருவெல்லாம் சொன்னான். கண்ணில் லேசாக மஞ்சள் தெரிகிறது என்று மகா சொன்னபோது, பிறந்த மூன்றாம் நாளும் அப்படித்தான் இருந்தது, காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று தனக்கோடி சொல்லிவிட்டாள். ஜெயலட்சுமியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நாகேஷ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மாத்திரைதானே, நாம்தான் கொடுக்கவில்லையே என்று எடுக்காமல் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை அவளே வந்து நின்றாள். கன்னடம் நன்றாகப் பேசுகிற ஆட்டோக்காரர் வீடு எது என்று கேட்டாளாம். தெருமுனையிலேயே கையைக் காட்டிவிட்டார்கள். நாகேஷ் பூரித்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றும்போதே அவள் மூக்கு சுருங்கிவிட்டது. வந்த இடத்தில் எல்லாருக்கும் புரியட்டும் என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் பேசினாள்.

"இந்த வீட்டில நுசி குளிகெ இருக்கு."

"சான்சே இல்ல மேடம்" என்றான் நாகேஷ். "எங்கம்மா மாத்திரைகூடப் பக்கத்து வீட்ல இருக்கு. நீங்க தேடிப் பாருங்க."

அவள் நேரே தூளியிடம் போய்க் குழந்தையைத் தூக்கினாள். துணியின் மடிப்பிலிருந்து ஒரு வெள்ளை உருண்டை தரையில் விழுந்து, உருண்டு, நாகேஷின் கால்விரலைத் தொட்டு நின்றது. அவள் குனிந்து எடுத்து அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுதான் சார் நுசி குளிகெ."

நாகேஷ் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அதற்குள் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தெறிந்து, தன் துப்பட்டாவில் பொதிந்துகொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போயிருந்தாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த இடம் மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. மூத்திரத் துணி எங்கே என்று கேட்டாள். மகா கொண்டுவந்து காட்டிய துணியில் டிகாக்ஷன் நிறத்தில் கறை. அதை மகாவும் பார்த்திருக்கிறாள், பழந்துணியின் சாயம் என்று நினைத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்கு நாகேஷின் ஆட்டோவிலேயே போனார்கள். முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவன் வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டியது அன்று ஒரு நாள்தான். பின்னால் ஜெயலட்சுமி போனில் யாரிடமோ குழந்தையின் அட்டை நம்பரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அட்டை விவரத்தோடு தயாராக நின்றிருந்தார். என்ன நோய், ஏன் வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. குதிகாலில் எடுத்த அந்தச் சொட்டு ரத்தம் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தது. குழந்தையின் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். ரத்தத்தை மாற்ற வேண்டிவரலாம், சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் வரை நாகேஷ் நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். ரவி அத்திபெலேயிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவன் முகத்தைப் பார்க்க இவனுக்குத் தைரியம் வரவில்லை. உருண்டை வாங்கியது இவன், தூளி கட்டியது இவன், போனில் பேசியது இவன், படித்துவிட்டேன் என்று பொய் சொன்னது இவன். யார் மேலாவது பழியைப் போடலாம் என்றால் பக்கத்தில் வேறு ஆளே இல்லை. குழந்தை பிழைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான். அன்றைக்கு வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். மஞ்சள் ஏறுவது நின்றுவிட்டது, ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார். இன்னும் ஒரு நாள் அந்தத் துணியில் கிடந்திருந்தால் தன்னால் இப்படிச் சொல்ல முடிந்திருக்காது என்றும் சொன்னார். மகா சுனிதாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நாகேஷ் எழுந்து, டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயலட்சுமியிடம் போனான். அவன் தங்கை, தங்கை புருஷன், அம்மா எல்லாரும் கேட்கும்படியே சொன்னான்.

"எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது மேடம். நுசின்னா என்னான்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

ரவி எழுந்துவந்து அவன் தோளில் கையை வைத்தான். அந்தக் கை அங்கேயே இருந்தது.

"எனக்கு அன்னைக்கே டவுட் வந்துடுச்சு" என்றாள் ஜெயலட்சுமி.

"எப்படி மேடம்? நான் நல்லாத்தானே பேசினேன்?"

"நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கொடல்ல, கொடல்லன்னு சொன்னீங்க. நுசி குளிகெ யாராவது கொடுப்பாங்களா? பெட்டியில ஹாக்குவாங்க. ஹாக்கல்லன்னு சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேன். நைட்டு சாப்பிடுறப்போ அந்தக் கொடல்ல ஞாபகம் வந்துச்சு. அப்புறம் போன் பண்ணா நீங்க எடுக்கலை."

நுசி என்றால் துணியை அரிக்கும் பூச்சி; ஹாக்கல்ல என்றால் போடமாட்டேன். கொடுப்பதற்கும் போடுவதற்கும் நடுவே இருந்த ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, யாரும் அனுப்பாமல், சனிக்கிழமை காலையில் தன் ஸ்கூட்டரில் மர்பி டவுன் சந்துகளில் வீடு தேடி வந்திருக்கிறாள் அந்தப் பெண். நாகேஷுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

பிறகு அவள் தனக்கோடியிடம் ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் குறை தாய்வழியாகத்தான் ஆண் பிள்ளைகளுக்கு இறங்கும்; உங்கள் பக்கத்தில் ஆண்களுக்கு யாருக்காவது மருந்து சாப்பிட்டுக் காமாலை வந்ததா? தனக்கோடி யோசிக்கவே இல்லை, மகனைக் கை காட்டினாள். பன்னிரண்டு வயதில் மலேரியா காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, இவனுக்கு மூத்திரம் கறுப்பாகப் போய், பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவள் அத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே நாகேஷின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அவனுக்கும் அதே குறை. பெட்டி நிறையப் பூச்சி உருண்டை கொட்டிய கைக்குச் சொந்தக்காரனும் அதைக் கிட்டே சேர்க்கக் கூடாதவன்தான். அன்றைக்கு இனாம் எதற்கு என்று கேட்டவனுக்கே அந்த இனாம் முப்பத்தெட்டு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் காட்டச் சொல்லி ஒரு கார்டு கொடுத்தார்கள். அதை லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே இரவெல்லாம் கத்தி ஊரைக் கூட்டியது. யாருக்கும் கோபம் வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விழித்திருந்தார்கள். ட்ரங்குப் பெட்டித் துணிகளை நாகேஷ் மூட்டையாகக் கட்டி வெளியே கொண்டுபோனான். தான் படுத்த தூளிச் சேலையைக் குப்பையில் போடும்போது மட்டும் மனசு கொஞ்சம் வலித்தது.

இன்னொரு காரியமும் செய்தான். ஜெயலட்சுமியின் ஆபீசுக்குப் போய், அந்தக் கன்னடத் தாளை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதைத் தன் குரலில் தமிழில் சொல்லி, அவள் போனில் பதிவு செய்து கொடுத்தான். பூச்சி உருண்டை, அந்துருண்டை, நாப்தலின் என்று எந்தப் பேரும் விட்டுப்போகாமல் சொன்னான். நீலசந்திராவிலும் மர்பி டவுனிலும் தமிழ்க்காரர் வீடுகளுக்குத் தாளோடு அந்தக் குரலையும் அவள் இப்போது அனுப்புகிறாள். தினமும் அரசாங்கத்தைத் திட்டாமல் வண்டி எடுக்காத நாகேஷ் ஒரு வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியது. திட்டினான். சுகாதாரத் துறையை மட்டும் விட்டுவிட்டுத் திட்டினான்.

முப்பதாம் நாள் பேர் வைத்தார்கள். ஜெயலட்சுமி வரும்வரை ஆரம்பிக்கக் கூடாது என்று நாகேஷ் பிடிவாதமாக இருந்தான். அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் தனக்கோடி அவளுக்குக் குங்குமம் கொடுத்து, தன் மகளை உட்காரவைக்கிற இடத்தில் உட்காரவைத்தாள். மகாவின் சேலை ஒன்றை நாலு தடவை துவைத்து வெயிலில் காயவைத்துத் தூளி கட்டியிருந்தது. சோப்பு வாசனையைத் தவிர அதில் வேறு வாசனை இல்லை. ஜெயலட்சுமி சும்மா போகிறமாதிரி போய் முகர்ந்து பார்த்தாள். அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அவர்கள் வழக்கத்தில் பேரைக் காதில் சொல்வது தாய்மாமன். நாகேஷ் குழந்தையை மடியில் வாங்கி, வெற்றிலையைக் காதோரம் மடித்து வைத்துக்கொண்டு, "கிஷோர், கிஷோர், கிஷோர்" என்று மூன்று தடவை சொன்னான். எல்லாரும் அட்சதை போடக் கையை ஓங்கினார்கள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். திரும்பவும் குனிந்து, தன் மூக்கும் காதும் ரத்தமும் கொண்டு பிறந்த அந்தப் பிள்ளையின் காதில், நாலாவதாக ஒன்று சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயலட்சுமிக்குக் கேட்டுவிட்டது.

"நுசி குளிகெ ஹாக்கல்ல, மருமகனே. ஹாக்கல்ல."

அவள் கையிலிருந்த அட்சதை அப்படியே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ சரியா சொன்னீங்க" என்றாள்.